அண்ணியின் பிறந்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் அண்ணியின் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மீதிப் பேர் அவர் வாயால் திட்டு வாங்கியவர்கள். இரண்டையும் வாங்கியவர்களில் நாத்தனாராகிய நானும் ஒருத்தி. அவருடைய மகன் கேட்டுக்கொண்டதால், முதலாண்டு நினைவுக்கு இதை எழுதுகிறேன்.

அண்ணி பிறந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையோரம், மாடு வளர்த்துப் பிழைக்கும் ஒரு சிற்றூரில். தகப்பனாரைச் சின்ன வயதிலேயே இழந்து, தாயும் ஒரு தம்பியுமாக வளர்ந்தவர். நர்ஸ் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே படித்துக்கொண்டிருந்த எங்கள் அண்ணன், குடல்வால் ஆபரேஷனுக்காகப் போய்ப் படுத்தது அவருடைய வார்டில். குடல்வாலைக் கொடுத்துவிட்டு மருமகளைக் கொண்டுவந்தான் என்று எங்கள் அப்பா கடைசிவரை கேலி செய்வார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்த அன்று, இவள் ஒழுங்காக மாதா கோயில் பூசைக்கு வருவாளா என்பதுதான் அம்மாவின் கவலை. கொஞ்ச நாளிலேயே கவலை எங்கள் பக்கம் திரும்பியது. விடியற்காலைப் பூசைக்குப் போர்வையை உருவி எங்களை எழுப்ப ஆரம்பித்தார் அண்ணி.

தமிழைக் காய்கறி வண்டிக்காரர்களிடமும் ஆஸ்பத்திரி ஆயாக்களிடமும் கற்றார். ஆகவே அது நல்ல காரமான தமிழ். யாராவது இங்கிலீஷ்காரம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு. "உன்னை மலையாளின்னா சும்மா இருப்பியா? நான் அயர்லாந்து" என்று நடுரோட்டில் நிறுத்திப் பாடம் எடுப்பார்.

இத்தனை தைரியசாலிக்கு ஒரே இடத்தில் அடி விழுந்தது. அவருடைய தாய் இறந்த தந்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராதவரை மன்னித்துவிடுவார்கள், சாவுக்கு வராதவரை மன்னிக்க மாட்டார்கள். நாமும் அப்படித்தானே. தாயைக் கடைசிவரை தனியாகப் பார்த்துக்கொண்ட தம்பிக்குத் தந்தி தாமதமானது ஒரு காரணமாகவே படவில்லை. அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அண்ணி நிறுத்தவில்லை. இனி ஊரில் ஒரு சாவையும் விடுவதில்லை என்று முடிவு செய்தார். முதலில் ஊர் வாரப் பத்திரிகையைத் தபாலில் வரவழைத்து, காலமானார் பகுதியைப் படித்துவிட்டுக் கடிதம் போடுவார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒரு ட்ரங்க் கால் கிடைப்பதற்குள் அண்ணி என் உயிரை வாங்கியது எனக்குத்தான் தெரியும். பிறகு இன்டர்நெட் வந்தது. அவர்கள் பக்கத்து ரேடியோவில் இறந்தவர்களின் பெயர், ஊர், உறவினர், அடக்க விவரம் எல்லாவற்றையும் தினமும் வாசிப்பார்கள். நமக்கு அது சாயங்காலக் காபி நேரம். அண்ணி செல்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, உடனே அந்தத் துக்க வீட்டுக்குப் போன் போடுவார். அடுத்த தெருக்காரர்கள் போய்ச் சேருவதற்கு முன்பே பெங்களூரிலிருந்து ஆறுதல் போய்விடும்.

தம்பி வீட்டுக்கும் ஞாயிறுதோறும் பேசுவார். தம்பியின் மனைவி அன்பாக நலம் விசாரிப்பார். தம்பி மட்டும் எப்போது கேட்டாலும் மாட்டுக் கொட்டகையில் இருப்பார். உலகத்தில் எந்த மாடும் அவ்வளவு நேரம் பால் கறந்ததில்லை. எரிச்சல் தாங்காமல், இப்படி வீம்பு பிடிக்கிற மனுஷருக்கு இன்னும் ஏன் மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவன் கோபமா இருக்கான்னா நான் இன்னும் அவனுக்கு அக்காதானே. யாரோ எவரோன்னா கோபம் வருமா?" என்றார். 

அண்ணனை இழந்த பிறகும் அண்ணி நிமிர்ந்தே நடந்தார். நோய் வந்தபோது, டாக்டர் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்ததை இவரே முந்திக்கொண்டு சொல்லி, அவருக்கு ஆறுதலும் சொன்னார். அண்ணிக்கு இருந்தது ஒரே ஆசை. தன் பெயரையும் அந்த ரேடியோவில் வாசிக்க வேண்டும். அது அடக்க ஏற்பாடுகளைச் செய்கிற அந்த ஊர் அண்டர்டேக்கர் மூலமாகக் குடும்பத்தார் கொடுக்கிற செய்தி. இங்கிருந்தே பேசி நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"நீ குடுக்கக் கூடாது. என் தம்பி குடுக்கணும். அவன் குடுக்கலைன்னா வேணாம், விட்டுடு" என்றார்.

வீட்டிலேயே, மகனின் கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அன்று மதியம் நான் தம்பி வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி அழுதுகொண்டே போனை அவரிடம் கொடுத்தார். அவருடைய குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணியின் ஆசையைச் சொன்னேன். அடக்கம் எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். செய்வாரா, மாட்டாரா, ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பெட்டியை மூடும் நேரத்தில் பெரியம்மா ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி யாரும் போடலியா?" என்று கேட்டார். 

அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம், செல்போனை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணியின் பெயரை வாசித்தார்கள். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் என்றும், அவர் பிறந்த ஊர் என்றும் இரண்டையும் சொன்னார்கள். துயருறும் உறவினர்களில் முதல் பெயர் தம்பியுடையது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது கடல் தாண்டியும் உண்மைதான். அதோடு முடியவில்லை. துக்கம் விசாரிக்க விரும்புகிறவர்கள் மறுநாள் தம்பியின் வீட்டுக்கு வரலாம் என்றும் வாசித்தார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவை இங்கே அடக்கம் செய்தாகிவிட்டது. அவர் அங்கே தன் வீட்டைத் துக்க வீடாகத் திறந்து வைத்திருக்கிறார்.

மறுநாள் தம்பியின் மனைவி வீடியோவில் காட்டினார். வாசலிலிருந்து ரோடு வரை ஆட்கள் நின்றார்கள். மேஜையில் அண்ணியின் பழைய படம், பக்கத்தில் மெழுகுவத்தி. கறுப்புக் கோட்டு போட்ட கிழவர் ஒருவர் வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் என் எரிச்சல் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் போனை வாங்கிப் பேசினார்.

"எங்கள் வீட்டுச் சாவுக்கு உன் அக்கா போன் செய்தாள், இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உன்னிடம் என்ன பேசுவாள் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?"



அண்ணியைக் கண்ணுக்குள் வைத்துக் கவனித்த ஆஸ்பத்திரித் தோழிகளுக்கும், பங்குத் தந்தைக்கும், பெட்டியைச் சுமந்த ஜோகுபாளையத்துப் பிள்ளைகளுக்கும், முப்பதாம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்கவே விடாத பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்த அயர்லாந்து ஊர்க்காரர்களுக்கும் நன்றி. தம்பிக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

நினைவுப் பூசைக்கு அண்ணியின் தம்பி வருகிறார். இந்த மலரோடு நீங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் எங்களோடு நிற்பார். கையை மட்டும் பிடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அண்ணி உங்களிடம் பேசியது எதையாவது அவரிடம் சொல்லுங்கள். திட்டியதாக இருந்தாலும் சரி. இங்கிலீஷ் வராதவர்கள் தமிழிலேயே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன்.