அமெரிக்கர் காணாமல் போன வருடங்கள்

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ‘ற’வும் சின்ன ‘ர’வும் இன்னும் தடுமாறும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஊரில் மாமாவிடம் ஓர் இங்கிலிஷ் நாவல் இருந்தது. எழுதியவர் ஓர் அமெரிக்கர். உளவாளிகளைக் கேலி செய்கிறவர். பின்னட்டையில் அவருடைய படம்: வழுக்கைத் தலை, வாயில் சுருட்டு, சிரிப்பை அடக்கிய முகம். கீழே அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. எங்கள் வீட்டில் மாமாவுக்கு மட்டுமே இங்கிலிஷ் தெரியும்.

அப்பா சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்பி வராத வருடம் அது. ஒருநாள் மாமா அந்தப் பின்னட்டையை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அமெரிக்கர் தானும் உளவாளியாக இருந்தவராம். பிழையான ஆளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, அதற்குப் பதவி உயர்வும் வாங்கினாராம். பிறகு காணாமல் போய், மூன்று வருடம் கழித்து, ஒரு காலையில் தன் வீட்டுக் கதவைத் தானே வந்து தட்டினாராம். அதன் பிறகுதானாம் புத்தகங்கள் எல்லாம்.

அன்று அம்மா சிரித்தார். அதன்பின் மனம் சோரும்போதெல்லாம் அதையே வாசிக்கச் சொல்லுவார். வாசித்து முடித்ததும் மாமா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவார். வெக்கைக்கு என்று நினைத்தேன்.

நான்காவது வருடமும் வந்தது.

“எத்தினை வருசத்தால வந்தவராம், தம்பி?” என்று அம்மா மாமாவைக் கேட்டார்.

“ஏழு, அக்கா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, முதல் மூண்டு எண்டெல்லோ வாசிச்சனீங்கள்?”

அம்மா என் தலையில் குட்டினார். “உனக்கே இங்கிலிஸ் தெரியும்? பேசாமல் இரு.”

பிறகு அது பன்னிரண்டு ஆனது.

நான் லண்டனில் குடியேறியபின், என்னோடு வந்திருக்கும்படி பலமுறை கேட்டும் அம்மா வரவில்லை. “கொப்பர் வந்து தட்டினா ஆர் கதவு திறக்கிறது?” என்பார். மாமா இறந்தபின் அந்த வீட்டில் தனியே இருந்தார். போன வருடம், பொட்டோடுதான் போனார்.

சென்ற கிழமை இங்கே நோர்பரியில், பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டி கடையில் அதே வழுக்கைத் தலையைக் கண்டேன். புத்தகத்தை வாங்கி வந்து, பின்னட்டையை வாசிக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன்.

“அப்பா, இவர் ஒரு இடமும் காணாமப் போகேல்லையே,” என்றாள். “விளம்பரக் கொம்பனியில வேலை செய்தவராம். உளவாளியும் இல்லை. வீட்டில இருந்துதான் எழுதினவராம்.”

மாமாவின் பொய் எனக்குப் பெரிய அதிசயமாக இல்லை. அம்மா என் தலையில் வைத்த அந்தக் குட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இங்கிலிஷ்தான் தெரியாது. மூன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியும்.

நோர்பரி, ஞாயிற்றுக்கிழமை, 3 கார்த்திகை 2024.