கண்டதை மட்டும் எழுதும் போட்டி

நீர்த்தேக்கங்கள் வற்றுகின்றன, குளிப்பதைச் சுருக்குங்கள், கழுவிய தண்ணீரை ஊற்றிவிடாமல் திரும்பப் பாவியுங்கள் என்று ஆக்லாந்து வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குளிர்காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் குளிர்காலத்தில் நான் மறுபடியும் மாணவியாக இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் பட்டம் எடுத்து, ஒரு பெண்கள் பாடசாலையில் சில வருடங்கள் படிப்பித்தவள் நான். இங்கே வந்து அந்தப் பட்டத்தை நீட்டிய இடமெல்லாம் நியூசிலாந்து அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. கடைசியில் ஒரு தொழிற்கல்லூரியில், ஆய்வுகூட உதவியாளருக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். விடியற்காலையில் சாண்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலை, பின்னேரம் சமையல், பொழுதுபட வகுப்பு. கணவர் இரவுக் காவல் வேலைக்குப் போவார். நான் வகுப்பால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்ற, அவர் அதே வாசலில் சப்பாத்தைப் போடுவார். பிள்ளைகளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றுவது மட்டும்தான் எங்களுடைய குடும்ப வாழ்க்கையாக இருந்தது.

எந்நேரமும் களைப்பு. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான் களைத்துக் கிடந்தன. ஆகவே அதை ஒரு விசயமாக நான் எண்ணவில்லை.

வகுப்பில் மற்றவர்கள் பள்ளிக்கூடம் முடித்து வந்த பிள்ளைகள். வயது போனவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான். மற்றவர் திருச்சிக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது கூடியவர், அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தவர். அவருடைய கணவர் பொறியியலாளர். இங்கே டாக்ஸி ஓட்டினார். முதல் நாளே அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தமிழா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "ஓமா? சிலோனா நீங்க?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அவதானிப்புப் போட்டி பற்றி எங்கள் ஆசிரியர்தான் வந்து சொன்னார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய, குரலை உயர்த்தாத ஒரு வெள்ளைக்காரர். நகரின் வடக்கே ஆல்பனியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், பல கல்லூரி மாணவர்களுக்கு இடையே நடக்கிறது. இரண்டு இரண்டு பேராகப் போகவேண்டும். மேசை மேசையாகப் பரிசோதனைகள் இருக்கும். கண்டதை எழுதவேண்டும். என்ன பொருள் என்றோ ஏன் அப்படி நடந்தது என்றோ எழுதினால் புள்ளி இல்லை. இளம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒருவரும் கை தூக்காததால் அவருடைய பார்வை எங்கள் மேசையில் வந்து நின்றது.

"போனா சர்டிஃபிகேட்ல ஒரு வரி சேரும்," என்றார் அக்கா. "வேலை கேக்கிற இடத்துல காட்டலாம்."

எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பு இருக்கவில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்தபிறகு கொஞ்சநேரம் இருந்து பழகினோம். முதற் பயிற்சியில் நீலக் கரைசலுக்குள் ஒரு சாம்பல்நிற உலோகத் துண்டைப் போட்டார் ஆசிரியர். அக்கா மளமளவென்று எழுதினார்: செம்பு படிகிறது. ஆசிரியர் அதை மெல்லக் கோடிட்டு வெட்டினார்.

"இது உங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் கண்டது எங்கே?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. படியிறங்கும்போது என்னிடம் பொரிந்து தள்ளினார். "இத்தனை வருஷம் பசங்களுக்கு இதைத்தானே சொல்லிக் குடுத்தேன். இப்ப ஒண்ணுமே தெரியாதவ மாதிரி எழுதணுமாம்."

என்னுடைய சிக்கல் வேறு. நான் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, பிறகு தமிழிலேயே படிப்பித்தவள். கண்ணுக்குத் தெரிவதற்கு ஆங்கிலத்தில் எனக்குச் சொல் வராது. மஞ்சள் என்றால் ஒரே மஞ்சள்தான். ஆசிரியர் அதையே ஐந்தாறு விதமாகப் பிரித்துச் சொன்னார். ஆகவே நாங்கள் ஒரு ஒழுங்கு செய்துகொண்டோம்: நான் பார்த்துத் தமிழில் சொல்வது, அக்கா ஆங்கிலத்தில் எழுதுவது. அதிலும் இழுபறி. நான் மண்ணிறம் என்றேன். அவர் சிவப்பு என்று எழுதினார்.

"என்னக்கா, மண்ணிறம் எண்டனான்."

"எங்க ஊர் மண்ணு செவப்புதானே!"

"கபிலம். மரப்பட்டை மாதிரி."

"அதுக்குப் பழுப்புன்னு சொல்லுங்கம்மா."

பிறகு நிறங்களுக்குப் பொருள்களை வைத்துக்கொண்டோம். கத்தரிப்பூ, முட்டை மஞ்சள்கரு, வெங்காயத்தோல், கழுநீர். சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட கடை முகப்பில் அடுக்கியிருந்த காய்கறிகளைக் காட்டி ஒருவரையொருவர் சோதித்தோம். அந்தக் களைப்புக்குள்ளும் எனக்கு அது பிடித்திருந்தது.

தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஆய்வுகூடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ முடியாது. தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருக்கும். சோதனைக் குழாய்களை அதில் அலசி, கடைசியில் மட்டும் காய்ச்சி வடித்த நீர் விட்டு எடுப்போம். அலசுவது என் வேலை. அக்கா துடைத்து அடுக்குவார். சிலவேளை அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு பேசினையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. அவருக்கும் தலைக்குள் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் அதே நீலக் கரைசல் பயிற்சியைத் திரும்பச் செய்தோம். "பாத்திரம் சுடுது," என்றேன். அக்கா எழுதினார். ஆசிரியர் மகிழ்ந்துபோனார். கண்ணால் பார்ப்பது மட்டும் அவதானிப்பு அல்ல, இந்த வகுப்பில் வேறு எவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று புகழ்ந்தார். உண்மையில் நான் கண்டுபிடிப்பதற்காகத் தொடவில்லை. என் விரல்கள் விறைத்திருந்தன. சூடு இருக்கும் என்ற நினைப்பில்கூட அல்ல, சும்மா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன். அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவும் ஆசிரியரும் மேற்சட்டையைக் கழற்றியிருந்தார்கள்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்து, கண்டதையெல்லாம் சொல்லவேண்டும். நான் சுடரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடியில் நீலம், நடுவில் கருமை, மேலே மஞ்சள். அதற்குமேல் என்ன சொன்னேன் என்று தெரியாது. என் மகள் வந்து, "மம், ஆர் யூ ஸ்லீப்பிங்?" என்று உலுப்பினாள். கன்னம் மேசையில் இருந்தது. மெழுகுதிரியை அக்கா எப்போதோ தள்ளி வைத்திருந்தார். பிள்ளைகளுக்குத் தோசையும் சுட்டுக் கொடுத்திருந்தார்.

"பயிற்சி போதும். நீ படு," என்றார். 'நீங்க' அன்றைக்கு 'நீ' ஆனது.

போட்டி நாள் காலை, துறைமுகப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போனோம். அந்நாளைய ஆல்பனியில் இப்போதுள்ள கடைத்தொகுதிகள் கிடையாது. புல்வெளிக்கு நடுவே புதுக் கட்டடங்கள். உள்ளே பதின்ம வயதுப் பிள்ளைகளின் இரைச்சல். எங்களைப் பெற்றோர் என்று நினைத்து ஒருவர் பார்வையாளர் அறைக்கு வழிகாட்டினார். அக்கா நிமிர்ந்து நின்று, நாங்கள் போட்டியாளர்கள் என்றார்.

முதல் மேசைகள் நன்றாகப் போயின. நான் காதோடு கத்தரிப்பூ என்பேன், கழுநீர் என்பேன். அவருடைய பேனா ஓடும். நடுவர் ஒரு பெண்மணி. எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார், தடுக்கவில்லை.

கடைசி மேசையில் தெளிந்த சூடான திரவம் ஒரு குடுவையில் ஆறிக்கொண்டிருந்தது. ஆறும்போது ஏதோ நடக்கும், அது எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்ப்பதுதான் வேலை. அக்கா முந்தின மேசையில் விட்டதை எழுதி முடிக்கக் குனிந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்துதான் இருந்தது. அக்கா என் முழங்கையைத் தொட்டபோது குடுவை முழுவதும் பொன் தூவியதுபோல் மினுங்கும் தகடுகள் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன.

"எங்க ஆரம்பிச்சுது? மேலயா, அடியிலயா?"

"தெரியேல்லை அக்கா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, தொடக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை என்று எழுதினார். ஊகித்து எதையாவது எழுதியிருக்கலாம். அதற்குரிய விடை அவருக்கு மனப்பாடம்.

எங்களுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. கலந்துகொண்டதற்கு ஒரு தாள் தந்தார்கள். திரும்பிவர பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றோம். காற்று ஊசிபோல் குத்தியது.

"என்னாலதான் அக்கா. நித்திரை காணாது எனக்கு."

"அதை விடு. நான் ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதே."

"சொல்லுங்கோ."

"இது என்னன்னு நான் சொல்லல. நான் டாக்டர் இல்ல. பாத்ததை மட்டும் சொல்றேன். நீ கழுவுற பேசின்ல தினம் உன் முடி கொத்துக் கொத்தா கிடக்குது. ஓடுற தண்ணியா இருந்தா போயிருக்கும், எனக்கும் தெரிஞ்சிருக்காது. புருவம் வெளிப்பக்கம் உதிர்ந்துபோச்சு. நாம பழக ஆரம்பிச்சப்ப இருந்த குரல் இப்ப இல்ல, கரகரங்குது. ஹீட்டர் ரூம்ல கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்க. மூஞ்சி ஊதியிருக்கு. பேசுறப்ப வார்த்தைக்கு நடுவுல நின்னு நின்னு பேசுற."

எனக்குக் கோபம்தான் வந்தது. "எல்லாருக்கும் தானே களைப்பு? உங்களுக்கு இல்லையா?"

"இருக்கு. ஆனா நான் மெழுகுவர்த்தி முன்னாடி தூங்கி விழலையே."

பஸ் வந்தது. பாலத்தில் ஏறும்போது நான் அழுதேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என் கையை மட்டும் பிடித்திருந்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சேரும், நான் உம்மை வெளிச்சத்தில பார்த்தே கனநாளாச்சு," என்றார். மறுவாரம் டாக்டரிடம் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்தார்கள். தைரொய்டு சுரப்பி ஏறக்குறைய வேலை செய்யவில்லை என்று வந்தது. தினமும் வெறுவயிற்றில் ஒரு குளிசை, அநேகமாக வாழ்நாள் முழுவதும். இவ்வளவு காலம் எப்படி வேலைக்குப் போனீர்கள் என்று டாக்டர் கேட்டார். பஸ்ஸில் என்று சொன்னேன். அவர் சிரித்தார், நான் பகிடியாகச் சொல்லவில்லை.

குளிசை ஒரேயடியாக எதையும் மாற்றவில்லை. மழை வந்து, தண்ணீர்க் கட்டுப்பாட்டையும் தளர்த்தி, வசந்தம் தொடங்கிய நேரத்தில்தான் என் விரல்களில் சூடு வந்தது. அதற்குள் அக்காவின் கணவருக்கு வெலிங்டனில் அவருடைய படிப்புக்கேற்ற வேலை கிடைத்திருந்தது. அக்கா படிப்பைப் பாதியில் விட்டார். கடைசி வகுப்புக்கு வந்தவர் ஆசிரியரிடம் கைகொடுத்துவிட்டு, என்னிடம் தன் தோசைக்கல்லைத் தந்தார். புது வீட்டில் மின்சார அடுப்பு, அதில் இது சரிவராது என்றார். எங்கள் வீட்டிலும் மின்சார அடுப்புத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் எனக்குப் பால் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. செய்தி சொல்ல வெலிங்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா ஒரு சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருந்தார். எனக்காக உண்மையாகவே சந்தோசப்பட்டார். "நீங்களும் திருப்பிப் படியுங்கோவன்," என்றேன். "போதும்மா. நின்னு நின்னு காலு வலிக்குது. வீட்டுக்கு வந்தா படுக்கத்தான் தோணுது," என்றார்.

எனக்கும் ஒரு பங்கு களைப்பைத்தான் குளிசை எடுத்திருந்தது. மிச்சம் அப்படியே இருந்தது. புது வேலையிலும் விடியமுன் எழும்பவேண்டும். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, அன்றைக்கும் நேரத்தோடு படுத்துவிட்டேன்.