பன்றி பிடுங்கிய தென்னம்பிள்ளைகள்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்காக நான் எழுதிக்கொண்டது ஒரே ஒரு மனு. அதில் பொய் எழுதினேன்.

குற்றாலம் மலையடிவாரத்தில் எனக்கு ஒரு தோப்பு இருக்கிறது. போன வருடம் ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது, புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகள் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. அடிக்குருத்தை மட்டும் ஏதோ தின்றிருந்தது. காட்டுப்பன்றியின் வேலை அது, பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் மாடுகள் மேய்ந்து அழித்துவிட்டன என்று பஞ்சாயத்துக்கு எழுதினேன். தோப்போரமாகக் குளத்துக்குப் போகும் மாட்டுப் பாதையை அடைக்க எனக்கு வெகுநாளாக ஆசை. நான் எழுதியது என்பதால் பலர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அனுமதி கிடைத்தது. கம்பிவேலி போட்டேன்.

அந்தப் பாதையில் போன நாற்பது நாட்டு மாடுகளும் ஒரு பெண்ணுடையவை. கணவர் இறந்தபிறகும் அவர் ஒன்றைக்கூட விற்கவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் மாடுகளை அடைத்துக் கிடை போடுவார். சாணமும் கோமியமும் மண்ணுக்கு உரம். வேலி வந்ததும் குளத்துத் தண்ணீரும் கரைப் புல்லும் அவருக்கு இல்லாமல் போயின. கோடையில் செங்கோட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்து மொத்த மாடுகளையும் விலை பேசினார்.

ஊர் அவரைக் கைவிடவில்லை. வயல்காரர்கள் வைக்கோல் இறக்கினார்கள். பெண்கள் வீடுவீடாகக் கழுநீர் சேர்த்தார்கள். கைலி வியாபாரம் செய்யும் பாய் தன் மாந்தோப்பைத் திறந்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். அவர்தான் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“சார்வாள், எல்லாரும் ஆளுக்கொன்னு செய்யுதோம். நீங்க என்ன செய்யப் போறிய?”

நாலு கட்டு வைக்கோல் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. பன்றியைப் பற்றிச் சொன்னேன். பாய் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் சிரித்தார்.

“தெரியும் சார்வாள். பன்னி பிடுங்குனதுக்கும் மாடு கடிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாமலா மாடு மேய்க்கேன்?”

“பின்னே ஏம்மா சொல்லலை?”

“நீங்க எழுதிட்டிய. நான் வாயாலதான சொல்ல முடியும்?”

“அப்ப இன்னொண்ணு எழுதுங்க சார்வாள்,” என்றார் பாய். “இந்தத் தடவை நாங்க வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்.”

முதல் மனுவில் நான் சொன்னது பொய் என்பதையே முதல் வரியாக எழுதினேன். கிராம சபையில் நானே எழுந்து வாசித்தேன். முந்தின நாளே வேலியைப் பிரித்துவிட்டிருந்தேன்.

மாடுகள் மறுபடி குளத்துக்குப் போகின்றன. மாடுகளை விற்பதற்கில்லை என்று அந்தப் பெண் வியாபாரியிடம் சொல்லிவிட்டார். கிடை கேட்டு வயல்காரர்கள் முறை சொல்லி வைத்திருக்கிறார்கள். என் தோப்புக்கும் கேட்டேன்.

“போடுதேன். ஆனா நீங்கதான் கடைசி,” என்றார்.

சரிம்மா என்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கிறார்கள்.