திட்டு எழுதும் அண்ணி

எங்கள் அண்ணிக்கு அடுத்தவரைத் திட்டி எழுதுவதுதான் வேலை. அதற்கு மாதச் சம்பளம், அடையாள அட்டை, முதுகுக்கு இதமாகச் சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் ஃபோனுக்கு வருகிற கேவலமான மெசேஜ்களை, அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே மறைத்துவிடும் செயலி ஒன்றை அவள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. எது கேவலம் என்று மெஷினுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே. அதற்காகப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் மாதிரியே திட்டி எழுத ஆள் எடுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி செய்கிறீர்களாக்கும் என்று நான் கிண்டல் செய்தால் அண்ணிக்குச் சிரிப்பு வராது. தொழில் விஷயத்தில் அவ்வளவு பக்தி.

ஆபீஸில் அவளுக்குத் 'தேள்' என்று பட்டப்பெயர். அதைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். மற்றவர்கள் கெட்ட வார்த்தையாக அடுக்குவார்களாம். அதை எந்த மடையனும் கண்டுபிடித்துவிடுவான், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஆளைச் சாய்ப்பதுதான் வித்தை என்பாள். என்ன வித்தையோ, நாசமாய்ப் போனது. நாற்பதைத் தாண்டியவளுக்குப் பிள்ளைகளின் பேச்சு எத்தனை நாள் கைவசம் இருக்கும்? சரக்கு தீர்ந்தது. மகளைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு வேலை வெளியூரில். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேர்தான். தட்டில் கை வைத்த உடனே, ஸ்கூல் குரூப்பில் இன்றைக்கு என்ன புதுசு என்று அண்ணி ஆரம்பித்துவிடுவாள். மகள் பத்தாம் வகுப்பு. கொஞ்சம் கரகரத்த குரல், லேசாக எடுப்பான பல். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அவள் தயங்கித் தயங்கி ஒன்று சொல்வாள். யாரோ ஒருத்தி பேசினால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். அண்ணி மென்றுகொண்டே திருத்துவாள்.

"இது நீளம். 'தகரம்'னு ஒத்தை வார்த்தை போதும். அப்பத்தான் எல்லாரும் அப்படியே கூப்பிடுவாங்க."

மறுநாள் பல்லைப் பற்றி ஒன்று வரும். அதையும் கூர்தீட்டி, தான் சொன்னதற்குத் தானே விழுந்து விழுந்து சிரிப்பாள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். கிளாஸில் ஒருத்தி என்றாள் பெண். யாராக இருந்தால் என்ன, நீ அடுத்ததைச் சொல்லு என்று அண்ணி என் வாயை அடைத்துவிட்டாள்.

செயலியைச் சோதித்துப் பார்த்த அன்றைக்குத்தான் குட்டு உடைந்தது. அது குரலையும் பல்லையும் பழித்தால் கப்பென்று பிடித்ததாம். நிறத்தையோ குள்ளத்தையோ பழித்தால் கதவைத் திறந்துவிட்டுச் சும்மா இருந்ததாம். அண்ணி எழுதித் தந்ததை எல்லாம் மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரே பெண்ணைப் பற்றித்தானே, யாரம்மா அவள் என்று கேட்டிருக்கிறார். வேறு மாதிரிப் பிள்ளைகளுக்கு விழுகிற வசவும் சீக்கிரம் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அண்ணி வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் முன்னால் போய் நின்றாள்.

"அதெல்லாம் உன்னையா சொன்னாங்க?"

"ஆமா."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"தினமும் சொன்னேனேம்மா. நீ சிரிச்ச."

அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதாள். பொய் அழுகை இல்லை, பெற்ற வயிறு எரிந்துதான் அழுதாள். அந்தச் செயலியை இன்றைக்கே உன் ஃபோனில் போட்டுத் தருகிறேன், ஒருத்தரும் உன்னை நெருங்க முடியாது என்றாள். பெண் அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. இப்ப என்னை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நீ திருத்தற மாதிரியே நானும் எழுதி இன்னொருத்தி மேல போட்டேன். எல்லாரும் அவ பக்கம் திரும்பிட்டாங்க."

அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று நான்தான் கேட்டேன். ஸ்கூலுக்கு வருவதில்லை, ஏன் என்று தெரியாது என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ உன்னை நிஜமாவே விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"அப்பாடா" என்றாள் அண்ணி. எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள், தலையை வருடிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மேஜையில் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"அவளை என்னன்னு எழுதின?"

மகள் சொன்னாள். ஒரே ஒரு வரி. அண்ணி அதில் எதையும் திருத்தவில்லை.