இடது பக்கத்துப் படம்

போடிலுக்கு ஐம்பத்தாறு வயது. டென்மார்க்கின் மேற்கே, ஃபியோர்ட் என்கிற கடற்கழியின் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், இருபத்திரண்டு வருடங்களாக வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவாள், மாத்திரை கொடுப்பாள், ரை தானிய ரொட்டியில் வெண்ணெய் தடவி வைப்பாள். எந்தக் கிழவருக்கு எந்த முட்டியில் வலி என்பது அவளுக்கு மனப்பாடம். மனப்பாடம்தான் அவள் பிழைப்பு. எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஒருநாளும் ஒரு வரிசையில் நின்றதில்லை. பள்ளியில் பக்கத்துப் பெண் வாசிப்பதைக் கேட்டு அப்படியே ஒப்பித்துத் தப்பித்தாள். இப்போது கைபேசி தப்பிக்க வைத்தது. வருகிற கடிதத்தை அது வாசித்துக் காட்டும். இவள் பேசினால் அறிக்கையை அது எழுதிவிடும். இது தெரிந்தவன் உலகத்தில் அவள் கணவன் பிரெபென் ஒருவன்தான். அவனோ பாதி மாதம் லாரியோடு ஜெர்மனியில் இருப்பான்.

அந்த வசந்தத்தில் அலுவலகம் எல்லா ஊழியர்களையும் முகப்படம் எடுப்பதாக முடிவு செய்தது. புதிய இணையப் பக்கத்தில் போடுவார்களாம். பெண்கள் என்ன உடுத்தி வர வேண்டும் என்று செயலாளர் லிஸ்பெத் ஒரு தாள் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினாள். ஆனால் தாளைப் படமாக அனுப்பியிருந்தாள். போடில் காரில் உட்கார்ந்து கைபேசியை வாசிக்கச் சொன்னாள். “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது.

தாளில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இடது பக்கத்தவள் பெரிய பெரிய பூப்போட்ட பளபளப்பான பிளவுஸும் கழுத்தில் தடித்த மணிமாலையுமாகச் சிரித்தாள். வலது பக்கத்தவள் கருநீல ஜாக்கெட்டில், வங்கியில் உட்கார்ந்து கடன் கிடையாது என்று சொல்பவளைப் போல இருந்தாள். இரண்டுக்கும் கீழே ஏதோ எழுதியிருந்தது. போடில் யோசித்தாள். கிழவர்கள் கதவைத் திறக்கிற முகம் எது? சந்தேகமே இல்லை. வாசிக்காமலே விளங்கிவிட்டதே என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

சனிக்கிழமை பக்கத்து நகரமான ஹோல்ஸ்டெப்ரோவுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினாள். ஊதாவில் மஞ்சள் பூப்போட்ட பிளவுஸ் ஒன்று வாங்கினாள். மணிமாலையும் கிடைத்தது. கிட்டத்தட்ட அதே மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலை கூட்ட அறையில் சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாசலில் பட்டியலோடு லிஸ்பெத். சுவரோரமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கருநீலம், கரும்பச்சை, சாம்பல், மறுபடி கருநீலம். போடில் கோட்டைக் கழற்றியபோது எல்லாத் தலைகளும் திரும்பின. கூட வேலை பார்க்கிற கோனி சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ, இங்க பாருங்கடி! ‘இப்படி வந்துடாதீங்க’ன்னு போட்டிருந்தாளே, அந்தப் படத்தைப் பாத்து அச்சு அசலா வந்து நிக்கிறா! மாலையக்கூட விடல!”

அறையே அதிர்ந்தது. மேலாளர் ஹென்னிங் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போடில், நீ பெரிய ஆளும்மா! இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?”

காது மடல் பற்றி எரிந்தது. ஓடிப்போக அரை நொடி இருந்தது. அந்த அரை நொடியில் அவள் இரண்டு கையையும் விரித்து, அழகிப் போட்டியில் வருகிறவளைப் போல ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. எல்லோரையும்விடச் சத்தமாக அவளே சிரித்தாள்.

சிரிக்காதவள் லிஸ்பெத் மட்டும். பட்டியலில் எதையோ குறித்தாள். “உனக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள் போடறேன்” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

“இதுலயே ஒண்ணு எடுங்க, காபி அறையில மாட்டலாம்” என்றார் ஹென்னிங். எடுத்தார்கள், மறுநாளே மாட்டினார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்து அவள் தோளில் தட்டினார்கள். அன்றிலிருந்து போடில் காபியைக் காரில் உட்கார்ந்து குடித்தாள்.

வியாழக்கிழமை கையுறை எடுக்கச் சாமான் அறைக்குப் போனாள். லிஸ்பெத் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கண் சிவந்திருந்தது.

“மூணு நாள் உக்காந்து அதைச் செஞ்சேன், போடில். எது கேமராவுல நல்லா விழும், எது விழாதுன்னு தேடித் தேடி எழுதினேன். யாரும் நல்லா இல்லாம போயிடக் கூடாதுன்னுதான். நான் எழுதறத யாரும் மதிக்கறதில்லன்னு எனக்குத் தெரியும். அதை ஊருக்கே காட்டணுமா? உன்னை நான் அப்படி நெனச்சதில்ல.”

போடில் கையுறைப் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். ‘சும்மா வேடிக்கைக்குத்தான், மன்னிச்சுக்கோ’ என்று சொன்னால் போதும். வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. என் மானத்தைக் காப்பாற்ற இவளை அழவிட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது, அந்தச் சுற்றுச் சுற்றியதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாகத் தெரிந்தது.

“லிஸ்பெத், நான் அதைப் படிக்கல.”

“அதான் தெரியுதே.”

“இல்ல. படிக்க முடியல. எனக்குப் படிக்க வராது. அந்தப் படம்தான் சரின்னு நெனச்சேன். கடை கடையா அலைஞ்சு வாங்கினேன்.”

லிஸ்பெத் நம்பாமல் பார்த்தாள். “அறிக்கையெல்லாம் எழுதறியே?”

“ஃபோன் எழுதும். வர்றதையும் அதுதான் படிச்சுக் காட்டும். நீ அனுப்பினதுல எழுத்தும் படமாவே இருந்துச்சு. அதுக்குப் படிக்கத் தெரியல.”

“பிரெபெனைக் கேட்டிருக்கலாமே.”

“படம்தானே, இதுகூடவா புரியாதுன்னு…” போடில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவதை ஒருத்தி பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

லிஸ்பெத் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிறகு, “நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் காபி அறைச் சுவரில் படம் இல்லை. கோனி கேட்டதற்கு, “நான்தான் எடுத்தேன், எனக்குப் பிடிக்கல” என்றாளாம். லிஸ்பெத்துக்கு நகைச்சுவையே கிடையாது என்று அலுவலகம் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் போடில் தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் கரும்பச்சைச் சட்டையில் முகப்படம் எடுத்துக்கொண்டாள். சாதாரணமாக, நன்றாகவே வந்தது.

இலையுதிர்காலத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றைப் பற்றி லிஸ்பெத் குரல் செய்தி அனுப்பினாள். மூன்று முறை கேட்டுவிட்டுப் போடில் பெயர் கொடுத்தாள். முதல் மாலை, ஊர்க்காரர் யாரும் பார்த்துவிடாமல் இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு நடந்தாள். வகுப்புக் கதவைத் திறந்தால், உள்ளே அஸ்கர். இருபது வருடமாக அவளுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிற கடைக்காரர். இருவரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அவர் முகம் கழுத்து வரை சிவந்தது.

“நீயுமா?” என்றார் மெதுவாக.

“நானும்தான்.”

அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போடில் உட்கார்ந்தாள்.