அசோகருக்குப் பின்னால் என் விளம்பரம்

மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நானாக நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உடைந்த வால்வு ரேடியோக்களைப் பிரித்து என் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டினேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் மைக்செட் கடை போட்டேன். அதற்கு ஓடு போட்டேன், அப்புறம் மாடி எடுத்தேன். சோழவரத்தில் கார் ரேஸ் விட்டபோது அந்த உறுமலையும் மீறிக் கேட்டது என் ஒலிபெருக்கிக் குழாய். பெரியபாளையத்து ஆடிக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளைத் தாய்மாரிடம் சேர்த்தது என் குழாய். முள்ளுக்காடு தொழிற்பேட்டையானபோது முதல் ஷெட்டுக்குப் பூமி பூஜையில் மந்திரம் சொன்னவர் ஐயர். அதை ஆந்திரா எல்லை வரைக்கும் கேட்க வைத்தவன் நான்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் கண் தெரியாதவர்களுக்கு முதல் பேசும் புத்தகம் செய்தவனும் நானே. எங்கள் ஆரம்பப் பள்ளி டீச்சரம்மா செய்தார் என்று சொல்வார்கள். டீச்சரம்மா வாசித்தார். வாசிப்பது வேறு, செய்வது வேறு.

என் மனைவியின் தம்பி பழவேற்காட்டில் பிறந்தவன். மீன்பிடிக் குடும்பம். சின்ன வயதில் பெரியம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. மெட்ராஸில் பார்வையற்றோர் பள்ளியில் புள்ளி எழுத்தும் பிரம்பு நாற்காலி பின்னவும் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். எஸ்.எஸ்.எல்.சி. எழுதி சரித்திரத்தில் கோட்டை விட்டான். அவன்மேல் தப்பில்லை. புள்ளி எழுத்தில் சரித்திரப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். எத்தனையோ பேர் விரல் வைத்துத் தேய்த்ததில் அக்பர் இருந்த பக்கம் வழவழவென்று ஆகிவிட்டதாம்.

"இந்தத் தபாவும் போச்சுன்னா வாத்தியார் ட்ரெய்னிங்குக்கு சீட்டு கிடையாது மாமா. சாவற வரைக்கும் நாற்காலி பின்னிக்கினு இருக்க வேண்டியதுதான். ஊர்ல கீறவன் குந்தறதுக்கு நான் எதுக்கு முதுகு ஒடியணும்?" என்றான்.

நியாயமான கேள்வி. அவனைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனேன். ஒரு சங்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பேசும் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் கிராமபோன் தட்டுகள். இலவசம்தான், எத்தனை வேண்டுமானாலும் எடுத்துப் போங்கள் என்றார்கள். போட்டுக் கேட்டோம். ஒரு வெள்ளைக்காரன் மூக்கால் ஏதோ கதை சொன்னான். மச்சான் மரியாதையாகக் கடைசி வரைக்கும் கேட்டான்.

"நல்லாத்தான் பேசறான் மாமா. இன்னா பேசறான்னு கண்டுபிடிக்க இன்னொரு பரீட்சை எழுதணும்."

தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். யாராவது செய்தால்தான் உண்டு என்றார்கள். யாராவது என்றால் அது நான்தான் என்று திரும்பி வரும் ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். மூர் மார்க்கெட்டில் பிடித்த ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் என்னிடம் இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பாடுவதைப் பிடித்துத் திருப்பிப் போட்டுக் காட்டுவேன். அப்புறம் அவர் பாட மாட்டார். அதற்காகவே என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு.

மிஷின் இருந்தது, வாய் வேண்டும். எனக்கோ எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பதற்குள் பஸ் போய்விடும். குரல் என்றால் எனக்குத் தெரிந்தது மேடைக்குரல். ஒரு கட்சிப் பேச்சாளரைப் பிடித்து வந்து புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். "பாபர் இந்தியாவுக்குள் நுழைந்தார்" என்று வாசித்துவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார். பழக்க தோஷம், நானும் தட்டிவிட்டேன். அதுவும் டேப்பில் ஏறிவிட்டது.

மச்சான் கேட்டுவிட்டு, "இவுரு பேசறதப் பாத்தா பாபரு எந்தத் தொகுதியில நிக்கறாரு மாமா?" என்றான்.

அப்புறம்தான் டீச்சரம்மாவைக் கேட்டேன். தெளிவான குரல். வகுப்பில் வாசித்தால் ஜன்னலுக்கு வெளியே தூங்குகிறவனும் எழுந்துகொள்வான். பள்ளி விட்டதும் வந்து வாசிக்க ஒப்புக்கொண்டார். என் கடையில் முடியாது. அங்கே பிடித்துப் பார்த்ததில் மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் ஒன்று அசோகர் மேலேயே ஏறிப் போனது. நெல் மூட்டை அடுக்கிய குடோன் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நாலு பக்கமும் மூட்டை இருந்தால் குரல் எதிரொலிக்காது. இதை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதல் ஸ்பூலைத் திருப்பிப் போட்டதும் டீச்சரம்மா முகம் மாறிவிட்டது.

"மைக்காரரே, நான் எப்ப எலி மாதிரி பேசினேன்?"

"கரண்டு டல்லு டீச்சரம்மா. சாயங்காலம் எல்லாம் பம்புசெட்டு போட்டுடறானுங்க. பிடிக்கும்போது மிஷினு மெதுவா ஓடிகீது. இப்ப கரண்டு ஏறிடுச்சு, அதான் நீங்க ஓடறீங்க."

"அப்ப பம்புசெட்டை நிறுத்தச் சொல்லுங்க. இல்லன்னா அசோகரை நிறுத்துங்க."

பம்புசெட்டுக்காரர்களிடம் போய், உங்கள் மகன் கல்யாணத்துக்கு இரண்டு குழாய் கூடுதலாகக் கட்டுகிறேன் என்று சொல்லி நிறுத்த வைத்தேன். அந்தக் கோடையில் இந்த வட்டாரத்து நெற்பயிர் கொஞ்சம் வாடியது என்றால் அது மௌரியப் பேரரசுக்காக.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மைக்செட் தொழிலில் ஒரு முறை உண்டு. தாலி கட்டினாலும் சரி, கொடி ஏற்றினாலும் சரி, நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிபெருக்கி அமைத்தது யார் என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் குழாயை இறக்குவோம். சொல்லாமல் இறக்கினால் பக்கத்து ஊர்க்காரன் தான் கட்டியதாகச் சொல்லிக்கொள்வான். அதனால் ஒவ்வொரு ஸ்பூல் முடிவிலும் டீச்சரம்மாவிடமிருந்து மைக்கை வாங்கி நான் பேசினேன்: "கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் அனைத்துக்கும் ஒலிபெருக்கி வேண்டுவோர் அணுகவும், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரில்."

"பாடத்துக்கு நடுவுல இது எதுக்கு?" என்றார் டீச்சரம்மா.

"ஸ்பூலு அங்கதான் முடியுது. அசோகரு அந்த எடத்துல வந்து நின்னுக்கினா நான் இன்னா பண்றது?"

மச்சான் அந்த ஸ்பூல்களை ராப்பகலாகக் கேட்டான். சாப்பிடும்போது கேட்டான், நாற்காலி பின்னும்போது கேட்டான். என் மனைவிக்கே பானிபட் போர் மூன்றும் மனப்பாடம். "மொகலாயருங்க வந்ததுல இருந்து இந்த ஊட்ல நாஷ்டா டைமுக்கு ஆவறதில்ல" என்பாள்.

பரீட்சை வந்தது. கண் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். எட்டாவது படித்த ஒரு பெண்ணைப் பள்ளியிலேயே ஏற்பாடு செய்தார்கள். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அந்தப் பெண்ணுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். டீச்சரம்மாவும் நானும் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். மச்சான் வெளியே வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மாமா, அசோகரு சாலையோரம் மரம் நட்டாரு, கெணறு வெட்டினாரு, ஆஸ்பத்திரி கட்டினாருன்னு சொன்னேன். வாய் நிக்கல மாமா. கல்யாணம், காதுகுத்து அனைத்துக்கும் அணுகவும், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்னு வரைக்கும் சொல்லிட்டேன்."

"அந்தப் பொண்ணு எழுதிடுச்சா?"

"எழுதிட்டு, ஸ்டேஷனுக்கு எதிர்லயா, பக்கத்துலயாண்ணான்னு கேக்குது."

நான் சிரித்தேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. விடைத்தாளில் ஊர், விலாசம் என்று அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதாம். இருந்தால் பேப்பரே செல்லாது என்று சொல்லிவிடுவார்களாம்.

"உங்க விளம்பரத்துக்கு ஒரு பையனோட வாழ்க்கைதான் கெடைச்சுதா மைக்காரரே?"

வீட்டில் அதைவிட மோசம். "என் தம்பிய நாற்காலிக்கே திருப்பி அனுப்பிட்ட இல்ல?" என்று கேட்டுவிட்டு என் மனைவி பேச்சை நிறுத்தினாள். சோறு வந்தது, குழம்பு வரவில்லை. மச்சானோ மூலையில் உட்கார்ந்து பிரம்பை ஊற வைத்துக்கொண்டிருந்தான். குழம்பு இல்லாததைவிட அது பேஜாராக இருந்தது.

ரிசல்ட் வந்தது. டீச்சரம்மாதான் பேப்பரில் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து சொன்னார்: பாஸ். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பே வந்தது.

"எப்டி மாமா உட்டாங்க?" என்று மச்சானே கேட்டான். பிறகு அவனே பதிலும் சொன்னான்: "பேப்பர் திருத்தினவரு ஊட்ல காதுகுத்து இருந்திருக்கும்."

நான் சொல்வது வேறு. அந்த விளம்பரம் இருந்ததால்தான் அந்தப் பாடம் அவன் மனதில் அப்படி ஒட்டியது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

மச்சான் ட்ரெய்னிங் முடித்து, தான் படித்த பள்ளிக்கே வாத்தியாராகப் போனான். என் ஸ்பூல்களையும் கொண்டுபோய் மற்ற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினான். பிள்ளைகள் இன்னும் கேட்டார்கள். டீச்சரம்மா கதைப் புத்தகம், பூகோளம் என்று வாசித்துக்கொண்டே இருந்தார், நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தபோது அசோகர் ஓடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி கட்டினார். உடனே சாந்தமாகப் புத்த மதம் பரப்பப் போய்விட்டார். நடுவில் நான் இல்லை.

"எவன்டா வெட்டினது?"

"நான்தான் மாமா. பிளேடு போட்டு வெட்டி ஒட்டிட்டேன். எனக்கு வந்த கதி இந்தப் பசங்களுக்கு வரக்கூடாது பாரு. இவங்க பேப்பர திருத்தறவரு ஊட்ல காதுகுத்து இல்லாம போச்சுன்னா?"

மிஷினை நிறுத்தி அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தேன். தொழில் சுத்தம்.

இப்போது அந்த டேப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். கண் தெரியாதவர் எந்த ஊரில் இருந்தாலும் இலவசமாகக் கேட்கலாமாம். போட்டுக் கேட்டேன். தொடக்கத்திலேயே "வாசித்தவர்" என்று டீச்சரம்மா பெயர் வருகிறது. வரட்டும், அவர் குரலுக்கு அது தகும். அவருக்குச் சால்வை போட்டபோது மைக் கட்டியவனும் நான்தான். ஆனால் மிஷின் யாருடையது, நெல் மூட்டை யார் கேட்டது, பம்புசெட்டை யார் நிறுத்தியது என்று ஒரு வார்த்தை இல்லை.

மச்சான் சொன்ன காரணம் அன்றைக்குச் சரி. இன்றைக்கு அந்தப் பாடம் எந்தப் பரீட்சைக்கும் வருவதில்லை. எந்தப் பிள்ளையின் பேப்பரும் கெடாது. ஆகவே சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். வெட்டிய துண்டுகளை மச்சான் பத்திரமாக வைத்திருக்கிறான், நான் கேட்டுவிட்டேன். அவற்றை எடுத்த இடத்திலேயே சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்க்க முடியாது என்றால் ஒன்று போதும். அசோகர் ஆஸ்பத்திரி கட்டி முடித்ததும் நான் பேச வேண்டும்.