கீழேயும் வேண்டாம், மேலேயும் வேண்டாம்

தன் அணி தோற்றுக் கீழே இறங்கவும் கூடாது, வென்று மேலே ஏறவும் கூடாது என்று மனமுருகிக் கும்பிட்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கரப்பந்தில் சமநிலை என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கும்பிட்டேன்.

பலேர்மோவில் ஒரு பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்துக்கு நான் காவலாளி. காவலாளி என்றால் கதவு திறந்து பூட்டுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வலை கட்டுவதும் நான், நிலம் துடைப்பதும் நான், பெண்கள் கரப்பந்து அணியின் சட்டைகளைத் தோய்ப்பதும் அவர்களை வான் வண்டியில் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு திரிவதும் நான். மழை நாளில் கூரை ஒழுகுகிற மூலையில் வாளி வைப்பதும் நான்தான். அந்த வாளி பின்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கும். எங்கள் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடப் பழகியவர்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பழகாதவர்கள். எங்கள் மாரிகால வெற்றிகளில் பாதியாவது வாளியைச் சேரும்.

அணிக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்று: அது நடுத்தரம். மேலே இருக்கிற அணிகளைத் தேடி விளம்பரக்காரர் வருவார்கள். கீழே கிடக்கிறவர்களைப் பார்த்து நாலு பேராவது இரக்கப்படுவார்கள். நடுவில் நிற்கிறவனை ஆர் பார்க்கிறது? எங்களைப் பார்த்தது ஒரு சவப்பெட்டிக் கடை. அந்தக் கடையின் பெயரும், கீழே ‘எப்போதும் உங்கள் அருகில்’ என்ற வசனமும் பிள்ளைகளின் முதுகில் இருக்கும். ஒருத்தி பாய்ந்து பந்தை எடுத்துக் குப்புற விழுந்தால் அந்த வசனம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பார்க்கிற தாய்மாருக்கு நெஞ்சு திக்கென்னும்.

பயிற்சி கொடுக்கிறவ பகலில் இரசாயனம் படிப்பிக்கிற ஆசிரியை. ஒருநாள் சிகரெட்டை அணைத்துவிட்டு எனக்கு விளக்கினா. “நல்லாய் விளையாடுகிற பிள்ளை வடக்கே போய்விடும். போகாமல் நிற்கிற பிள்ளை என்றால் அவ்வளவு நல்லாய் விளையாடாது. நான் மிச்சத்தை வைத்துக்கொண்டு சீசன் நடத்துகிறேன்.” அவ வடக்கு என்றது மிலானையும் தொரினோவையும்.

அந்த மிச்சத்தில் ஒருத்தி என் மகள். மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம் அவளுடையது. இங்கேயே பிறந்தவள். சாதாரணமாகத் தமிழ் கதைப்பாள், கோபம் வந்தால் இத்தாலியன், கோபம் முற்றினால் சந்தை மீன்காரர்களின் சிசிலியன்.

போன சீசன் நாங்கள் வழக்கத்தைவிடச் சறுக்கியிருந்தோம்; அது முடிகிற நேரம் பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. கடைசி ஆட்டத்தில் தோற்று அணி ஒரு படி கீழே இறங்கினால் கரப்பந்துப் பிரிவையே மூடிவிட்டு மண்டபத்தில் பாடெல் போடுவார்களாம். பாடெல் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு பேர் நின்று மட்டையால் பந்தடிப்பது. இப்போது இந்த நகரத்துப் பல் வைத்தியர்கள் எல்லாரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

செய்தியைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மகள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“டீம் இல்லாட்டி நான் இஞ்சை இருந்து என்ன செய்யிறது? தொரினோவுக்கு மாறிப் படிக்கப் போறன்.”

வெளியே ஒன்றும் காட்டாமல் இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டேன். இதென்ன பெரிய விசயம், வென்றால் சரிதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேற்றல் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது. வலை கட்டிக்கொண்டு நிற்கும்போது ஆசிரியை சந்தோசமாக வந்து சொன்னா: “கடைசி ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் வருகிறார். நல்ல பிள்ளை இருந்தால் கொண்டுபோவார்.”

தோற்றால் மகள் தொரினோவுக்குப் போவாள். வென்று நல்லாய் விளையாடினால் இந்த மனிசன் கொண்டுபோவான். நான் வலையை மேல்பக்கம் கீழாகக் கட்டி முடித்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். நகரத்தின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சின்யோரா அம்மா வீட்டில் சமைத்துக் களைத்து வந்தவ, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டா.

“இப்ப உங்களுக்கு என்ன வேணும்? வெல்ல வேணுமோ, தோக்க வேணுமோ?”

“டீம் வெல்ல வேணும். ஆனால் பிள்ளை பெரிசா ஒண்டும் விளையாடக்கூடாது.”

“உங்களுக்கு விசர்.”

“நீர் சும்மா இரும். தகப்பன்ரை மனம் உமக்கு விளங்காது.”

“எனக்குத் தாயின்ரை மனம் காணும். போய்க் கையைக் கழுவுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். மலைக் குகையில் இந்த நகரத்தின் புனிதை இருக்கிறா. நாங்கள் சைவ சமயத்தவர்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிற சாமியை விட்டுவிட்டுத் தூரத்தில் இருக்கிற சாமியைக் கூப்பிட்டு அலைக்கழிக்கிற ஆட்கள் இல்லை. மெழுகுதிரி கொளுத்திவிட்டு நேர்த்தி வைத்தேன். ‘தாயே, இந்த டீம் கீழையும் இறங்கக்கூடாது, மேலையும் ஏறக்கூடாது. நடுவிலை, இப்ப இருக்கிற இடத்திலையே இருக்க வேணும். நடத்தி வைச்சால் வெறுங்காலோடை மலை ஏறுறன்.’ வழக்கறிஞர் எழுதிய மாதிரி ஓட்டையில்லாத வேண்டுதல். பஸ்ஸில் இறங்கி வரும்போதுதான் நினைவு வந்தது, மகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பி மேலே போகக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

ஆட்டத்தன்று காலை எதிரணியைத் துறைமுகத்தில் ஏற்றிவர என்னை அனுப்பினார்கள். நாப்போலிக் கப்பல். இரவு முழுக்கக் கடல் கொந்தளித்திருக்க வேண்டும். இறங்கி வந்த பிள்ளைகளைப் பார்த்தால் பாகற்காய் நிறம். ஒருத்தி என் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு, நிலம் ஆடுகிறதா என்று கேட்டாள்.

மண்டபத்தில் கொண்டுபோய் இருத்தினேன். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று முகமே சொன்னது. என் அறையில் மனைவி செய்து தந்த ரோல்ஸ் பெட்டி இருந்தது. உறைப்பு இறைச்சியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், எங்கள் பிள்ளைகளுக்கு. ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு ரோல்ஸ் தின்னாமல் அவர்கள் கோட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஒருமுறை தின்றுவிட்டு வென்றார்கள், அன்றிலிருந்து அது சாத்திரமாகிவிட்டது.

வந்த சனத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் இருத்தி வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. எதிரியாக இருந்தால்தான் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுப்போம், பின்னால் கதை வரக்கூடாதென்று. ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து நீட்டினேன். முதலில் மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்கள். பிறகு தட்டு போய்ப் பெட்டி வந்தது. உண்மையைச் சொன்னால் என் மூளை அந்த நேரம் ஒரு கணக்கும் போட்டது: வயிறு நிறைந்த பிள்ளை துள்ளாது. விருந்தும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

மத்தியானம் மனைவி வந்து பெட்டியைத் திறந்தா. உள்ளே எண்ணெய்க் கடதாசி மட்டும்.

“ரோல்ஸ் எங்கை?”

“வந்த பிள்ளையள் பாவம், கப்பலிலை சத்தி எடுத்துக் களைச்சு...”

“எல்லாத்தையுமோ? உங்கடை பிள்ளையள் எதைத் தின்னிறது?”

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. சாத்திரம் முறிந்த செய்தி உடை மாற்றும் அறைக்குள் போன விதத்தை, கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்ட சிசிலியன் சொற்களில் இருந்தே விளங்கிக்கொண்டேன்.

என் கணக்கும் பிழைத்தது. நாப்போலிக்காரருக்கு மிளகாய் புதிதில்லை. மனைவியின் உறைப்பு உள்ளே இறங்கியதும் பாகற்காய் நிறம் போய்ப் பிள்ளைகள் பட்டாசு மாதிரி வெடித்தார்கள். அன்று வெயில் என்பதால் வாளியின் உதவியும் இல்லை. முதல் இரண்டு செட்டும் போனது. எங்கள் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே படியில், வடக்கு ஆள் தொப்பியும் கையுமாக இருந்து கொட்டாவி விட்டார். எனக்குப் பாதி நிம்மதி, தோற்றால் பிரிவை மூடிவிடுவார்களே என்று பாதி பயம். நாப்போலிக்காரி ஒருத்தி ஒரு பந்தை அருமையாக எடுத்தாள். பழக்கதோசத்தில் கைதட்டிவிட்டேன்.

ஆசிரியை இடைவேளை கேட்டிருந்த நேரம். மண்டபம் அமைதி. மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினாள்.

“அப்பா! நீங்கள் ஆரின்ரை பக்கம்?”

மத்தியஸ்தர் திரும்பிப் பார்த்தார். ஆசிரியை பார்த்தா. ஒருவருக்கும் மொழி விளங்கவில்லை, ஆனால் கேள்வி எல்லாருக்கும் விளங்கிய மாதிரி இருந்தது. மனைவி வெறும் பெட்டியை மடியில் வைத்தபடி என் விலாவில் முழங்கையால் இடித்தா. “சொல்லுங்கோவன்.”

“உன்ரை பக்கம்தான்!” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“அப்ப கத்துங்கோ!”

கத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. மகள் வலது பக்கம் பார்த்துக்கொண்டு இடது பக்கம் பந்து கொடுத்தாள், முதுகுக்குப் பின்னால் கொடுத்தாள். நடுவில் நிற்கிற நெட்டைப் பிள்ளை அடித்து அடித்துக் கை சிவந்தாள். ஐந்தாவது செட்டின் கடைசிப் பந்து எதிரணியின் பக்கம் விழுந்து நாங்கள் வென்றபோது நான் வாளிக்குள் ஒரு காலோடு நின்றேன். ஏன் அன்றைக்கு வாளி வைத்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டாவது செட்டில் பதற்றத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அணி கீழே இறங்கவில்லை, மேலே ஏறவும் இல்லை. நான் கேட்டபடியே புனிதை நடத்தி வைத்துவிட்டா.

வலை கழற்றும்போது வடக்கு ஆள் ஆசிரியையோடு கதைப்பது காதில் விழுந்தது. அவருக்கு நெட்டைப் பிள்ளை வேண்டுமாம். “பந்து கொடுக்கிற பிள்ளையும் நல்லம்தான்,” என்றார், “ஆனால் உயரம் காணாது, இன்னும் கொஞ்சம் வேண்டும்.”

அந்த இடத்தில் நான் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்க வேண்டும். மகள் தப்பினாள், வீட்டிலேயே இருப்பாள், கேட்காத வரமும் கிடைத்துவிட்டது. நான் செய்தது என்ன? வலையைக் கீழே போட்டுவிட்டு அந்த மனிசனுக்கு முன்னால் போய் நின்றேன்.

“உயரம் காணாதோ? அந்த நெட்டைப் பிள்ளை அடிச்ச பந்தெல்லாம் ஆர் குடுத்தது? கூரையாலை ஒழுகினதோ?” எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் எடுத்து வீசினேன். மகள் வீங்கின முழங்காலோடு விளையாடினதைச் சொன்னேன். எந்தக் கெட்ட பந்தையும் நல்ல பந்தாக்கிக் கொடுக்கிறதைச் சொன்னேன். அவள் எந்தப் பக்கம் கொடுக்கப்போகிறாள் என்று இத்தனை வருசம் நிலம் துடைக்கிற என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். மூச்சு முடிந்துதான் நிறுத்தினேன்.

“நீங்கள் யார்?” என்று கேட்டார்.

“காவலாளி.” பிறகு, “தகப்பன்,” என்றேன்.

தொப்பியைத் தலையில் வைத்தார். “அப்படியென்றால் ஜூனில் அனுப்புங்கள். பரீட்சித்துப் பார்க்கிறோம்.”

திரும்பினால் மகள், தலை ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள்.

“நான் போறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டெல்லோ அம்மா சொன்னவ?”

“விருப்பமில்லைத்தான்.”

“பேந்து ஏன்?”

“அவன் உயரம் காணாது எண்டான்.”

மனைவி பெட்டியை மூடினா. “கதைச்சு முடிஞ்சுதோ? வாங்கோ, இனி அழுறதெண்டால் வீட்டை போய் அழலாம்.”

நேர்த்தியை நிறைவேற்ற வெறுங்காலோடு மலை ஏறினேன். மனைவி முன்னால் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, எனக்குத் தராமல், ஏறினா. குகை வாசலில் நின்று சொன்னா, “இந்த முறை ஒழுங்கா விளக்கமாக் கேளுங்கோ.”

கேட்டேன். அதிக நேரம் யோசிக்கவும் இல்லை. ‘தாயே, பிள்ளைக்கு ரெண்டு சென்டிமீட்டர்.’

புனிதைக்கு அன்று கூட்டம் அதிகம். முழுப் பாரத்தையும் அவவின் தலையில் போடக்கூடாது என்று வருகிற வழியில் சப்பாத்துக் கடையிலும் இறங்கினேன்.

ஜூனில் அவளை வடக்கே போகிற ஜேனோவாக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டேன். ரோல்ஸ் பெட்டி இந்த முறை நிறைய இருந்தது, கூடப் போகிற நெட்டைப் பிள்ளைக்கும் சேர்த்து. ஆசிரியை புதிதாகப் பந்து கொடுக்க ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தா. மனைவி அழவில்லை. நான் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தூசி, தூசி என்றேன். மகள் சாய்தளத்தில் பாதி தூரம் ஏறியவள் நின்றாள். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றி உள்ளே கை விட்டாள். பிறகு திரும்பி, கப்பல் சங்கையும் மிஞ்சிய குரலில் கத்தினாள்.

“அப்பா! இதுக்குள்ளை என்னத்தை வைச்சனீங்கள்?”